இடப்பக்கக் கட்டு

காசாளர் பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் டம்ளரை இடது கையால் எடுத்தவள், குடிக்காமலே வைத்துவிட்டாள். உதட்டருகே கொண்டுபோனால் அது பல்லில் மோதும் சத்தம் எல்லோருக்கும் கேட்டுவிடும்.

“பேங்க்ல புகுந்த கொள்ளைக்காரனுக்கு நான்தான் கூட்டாளின்னு போலீஸ்ல சொல்றாங்க மேடம். காலடியில அலாரம் இருந்தும் ஏன் அழுத்தலன்னு கேக்கறாங்க. பயத்துல கால் மரத்துப் போச்சுன்னா யார் நம்புவா? நாளைக்குக் கைது பண்ணிடுவாங்களாம்.”

துப்பறியும் அம்மாள் அசையவில்லை. அவருக்கு உதவியாக இருந்த அண்ணன் மகள்தான் பறந்தாள்; படபடவென்று பேசுவதால் அவளுக்குப் பட்டாசு என்றே பெயர். “முகத்தைப் பாத்தீங்களா?”

“ஹெல்மெட் போட்டிருந்தான். குரலையும் கட்டையா மாத்திக்கிட்டான்.”

“என்ன சொன்னான்? அப்படியே சொல்லு,” என்றார் அம்மாள்.

இதை இதுவரை யாரும் கேட்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “‘இடப்பக்கக் கட்டைத் தொடாதே, மத்ததையெல்லாம் பையில போடு.’”

“இடப்பக்கம் என்ன விசேஷம்?”

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அது. காசோலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, கையெழுத்தை ஒப்பிடுவது, கடைசியாகத் தூண்டில் கட்டு. அதிலுள்ள நோட்டுகளின் எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். திருடன் செலவழித்தால் மாட்டிக்கொள்வான். ‘உன் இழுப்பறையில் இடப்பக்கம் வை’ என்று பயிற்சியாளர் அவளிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருந்தார்.

“அத்தை! அப்ப உள்விஷயம் தெரிஞ்சவன். இவங்களே...” பட்டாசு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“வெடிச்சு முடிச்சியா? அவ டம்ளரை எந்தக் கையால எடுத்தா?”

காசாளர் பெண்ணுக்கு அப்போதுதான் உறைத்தது. “எனக்கு இடது கைப் பழக்கம் மேடம். அந்தக் கட்டு கைக்கு இடைஞ்சலா இருந்துச்சு. பயிற்சி கொடுத்தவர் போனப்புறம் வலப்பக்கம் மாத்திட்டேன்.”

“அப்ப தூண்டிலையும் சேத்து அள்ளிட்டுப் போயிருக்கான். நீ கூட்டாளியா இருந்தா வலப்பக்கத்தைத் தொடாதேன்னு சொல்லியிருப்பான். மாத்தினது யாருக்குத் தெரியும்?”

“தினமும் சரிபாக்கிற மேனேஜருக்கு. பக்கத்துலயே நிக்கிற காவலாளிக்கு.”

“யாருக்குத் தெரியாது?”

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். “மேடம்... பயிற்சி கொடுத்த சாருக்கு. அவர் கீழே கார்ல இருக்கார். தனியா போகாதேம்மான்னு அவர்தான் கூட்டிட்டு வந்தார். வழியில, ‘கட்டு இடப்பக்கம்தானே இருந்துச்சு?’ன்னார். ‘இல்ல சார், வலப்பக்கம்’னேன். அப்புறம் அவர் பேசவே இல்ல.”

மாடிப்படியில் செருப்புச் சத்தம். பட்டாசு ஓசைப்படாமல் தாழ்ப்பாள் போட்டாள். அம்மாள் உள்ளறைக்குப் போய்த் தாழ்ந்த குரலில் காவல் நிலையத்தை அழைத்தார்.

கதவு தட்டப்பட்டது. “என்னம்மா, முடிஞ்சுதா? கிளம்பலாமா?”

சொந்த அப்பாவின் குரல்போல் அத்தனை இதம். அதுதான் அவள் முதுகைச் சில்லிட வைத்தது. பயத்தைக் குரலில் காட்டாதே, வழக்கம்போலப் பேசு, நேரத்தைக் கடத்து. அவர் நடத்திய பாடம்தான். வங்கியில் மறந்துபோனது இப்போது வரி மாறாமல் வந்தது.

“இதோ சார். ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்.”

டம்ளரை எடுத்தாள். இம்முறை அது பல்லில் மோதவில்லை. கீழே போலீஸ் ஜீப் வந்து நிற்கும்வரை அவள் மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே இருந்தாள்.