பட்டாணி போட்ட தாழ்ப்பாள்

பதினொரு வயது முடிந்த கையோடு, பட்டாணி தனியாகப் பஸ் ஏறிப் பெரிய நகரத்தில் வந்து இறங்கினாள். பட்டாணி என்பது பட்டப்பெயர்தான். ஆள் அவ்வளவு சிறியவள்.

அந்த நகரத்தில் எல்லோரும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர்கள் மாதிரி ஓடினார்கள். ஒரு ரோட்டைக் கடக்கவே அவளுக்குப் பத்து நிமிடம் ஆனது. கட்டடங்களை அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்தது.

கையில் சித்தி எழுதிய சீட்டு இருந்தது.

‘மூன்றாவது மாடி, வலது பக்கக் கதவு. சும்மா சாத்தியிருக்கும். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள். மதியம் நான் வந்து குரல் கொடுக்கும்வரை யார் தட்டினாலும் திறக்காதே.’

பட்டாணியின் ஊரில் மாடி வீடே கிடையாது. அதனால் தரையையும் சேர்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே ஏறினாள். வலது பக்கக் கதவைத் தள்ளினாள். திறந்தது. உள்ளே போய்த் தாழ் போட்டாள்.

அப்பாடா என்று உட்காருவதற்குள் கதவு தடதடத்தது.

“யாரு உள்ள? கதவைத் திற.”

கதவிலிருந்த சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தாள். பனியன் போட்ட ஒரு ஆள். ஒரு கன்னம் முழுக்க வெள்ளை நுரை.

“திறக்க மாட்டேன். நீங்க யாரு?”

“என் வீட்டுல இருந்துகிட்டு என்னையே யாருன்னு கேக்கிறியா? நான் பஸ் டிரைவர்மா. பத்து மணிக்கு வண்டி எடுக்கணும்.”

“இது எங்க சித்தி வீடு. சித்தி பஸ் ஓட்டறதில்ல.”

“தண்ணி நின்னுபோச்சேன்னு மோட்டார் போடக் கீழ போனேன். அதுக்குள்ள குடித்தனமே வந்துட்டியா? புது வேலைம்மா. லேட்டாப் போனா அதோட சரி.”

“இப்படியெல்லாம் சொல்லி ஏமாத்துவாங்கன்னு அம்மா சொல்லியிருக்காங்க.”

எதிர்வீட்டு அக்கா வந்தார். “பாப்பா, அது அவர் வீடுதான்.”

“நீங்களும் அவரோட ஆளுதான்.”

வெளியே யாரோ சிரித்தார்கள். டிரைவர் கெஞ்சினார், கும்பிட்டார். பட்டாணி மசியவில்லை.

நேரம் போனது. தாகம் எடுத்தது. தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். கைகழுவும் தொட்டிக்கு மேல் ஒரு கண்ணாடி. பக்கத்தில் ரேசர். பிரஷ்ஷில் நுரை இன்னும் காயவில்லை.

சித்தி சவரம் செய்வதில்லை.

பட்டாணியின் காதுகள் சுட்டன. கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது. மெல்லத் தாழை நீக்கினாள். தலை நிமிரவே இல்லை.

டிரைவர் அவளைத் திட்டவில்லை. ஓடிப்போய்ப் போனை எடுத்தார். மணி பத்தே கால். மறுமுனையில் பேசிய மேலாளரின் குரல் வாசல்வரை கேட்டது.

“வீட்டுக்குள்ள குழந்தை பூட்டிக்கிச்சா? போன வாரம் ஒருத்தன் சாவியை நாய் முழுங்கிடுச்சுன்னான். நீ அவனையே மிஞ்சிட்டப்பா. இனிமே வேலைக்கு வர வேண்டாம்.”

டிரைவர் போனைக் காதில் வைத்தபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

யாரும் பட்டாணியைப் பார்க்கவில்லை. மெல்ல நழுவிவிடலாம். ஒரு காலைப் படியில் வைத்தும்விட்டாள். ஆனால் அடுத்த கால் வரவில்லை. திரும்பிப் போய்க் கையை நீட்டினாள்.

“போனைக் குடுங்க மாமா.”

போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

“சார், அவர் சொன்னது பொய் இல்ல. அந்தக் குழந்தை நான்தான். சித்தி வீடுன்னு நினைச்சு இங்க பூட்டிக்கிட்டேன். அவர் கெஞ்சினார். நான்தான் திறக்கல.”

மேலாளரின் குரல் இறங்கியது.

“தரையையும் சேத்து எண்ணினியா?”

“ஆமா சார்.”

“நானும் இந்த ஊருக்கு வந்த புதுசுல அப்படித்தான் எண்ணி, யார் கட்டில்லயோ படுத்துத் தூங்கியே போயிட்டேன். சரி, அவரைச் சீக்கிரம் அனுப்பு. பதினொரு மணி வண்டியை எடுக்கட்டும்.”

டிரைவர் மறு கன்னத்தை அவசரமாக மழித்துவிட்டு, சட்டை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார்.

“மன்னிச்சிடுங்க மாமா.”

“இன்னும் ஒரே ஒரு மாடி. எண்ணாதே தாயி, ஏறு.”

மதியம் சித்தி வந்தபோது, பட்டாணி மேல்மாடிப் படியில் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி, கதவு திறந்துதானே இருக்கு. உள்ள போகலையா?”

“முதல்ல நீங்க போங்க சித்தி. உங்க வீடுதானான்னு பாத்துட்டு என்னைக் கூப்பிடுங்க.”