நேரே காட்டும் அம்பு

சத்தத்தை முழுக்கக் குறைத்துவைத்த கருவி சத்தம் போட்டது. ‘கிர்ர்’ என்று ஒரேயொரு தடவை. மழை தகரக் கூரையில் பொரிந்துகொண்டிருந்த அந்தி நேரம். அடுப்பின் மண்ணெண்ணெய் வாடையும் ஈரச் சுவரின் பூஞ்சை நாற்றமும் கலந்து கிடந்த அந்தச் சின்னக் குவாட்டர்ஸில், பிளேன்டீக் கோப்பையை வாயருகே கொண்டுபோன தேனுஜன் அப்படியே நிறுத்தினான். மேசைமேல் கிடந்த மஞ்சள் ஜி.பி.எஸ். கருவியின் திரையில் வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளி அழகன்.

பள்ளத்துக்குள் கிடந்தது. பிற்பகலில் எங்கே விழுந்ததோ அங்கேயேதான்.

தேனுஜன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நுவரெலியாவில் மண்சரிவு அபாயம் பார்க்கும் ஒரு திட்ட அலுவலகத்தில் உத்தியோகம். அந்த 2003 ஆடி மாதம் கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தனியாகத் தங்கியிருந்தான். அலுவலகத்துக்குக் கையில் பிடிக்கும் ஜி.பி.எஸ். கருவிகள் வாங்க வேண்டும். எந்த வகை நல்லது என்று பார்த்து எழுதச் சொல்லி இரண்டைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். சாம்பல் நிறத்தது சின்னது. அதில் வரைபடம் கிடையாது. போக வேண்டிய இடத்தைக் கொடுத்தால் ஓர் அம்பு காட்டும், எத்தனை மீட்டர் என்று சொல்லும், அவ்வளவுதான். மஞ்சள் நிறத்தது பெரியது. மலையின் ஏற்ற இறக்கமெல்லாம் கோடு கோடாகத் திரையில் வரும். இரண்டிலும் பேசலாம். ஒருவர் பேசும் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அவர் நிற்கும் இடம் மற்றவரின் திரையில் புள்ளியாக விழும்.

மஞ்சளுக்குப் படமும் இரண்டு வகை. ஒன்றில் நூறு மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு. மலை மொட்டையாகத் தெரியும். மற்றதில் பத்து மீட்டருக்கு ஒரு கோடு. செங்குத்தான இடத்தில் கோடுகள் நெருங்கி மை கொட்டியது போலாகிவிடும். அந்த நுட்பமான படத்தைப் பார்த்து இவன் மயங்கிப்போனான். ‘சாம்பல் போதுமே தம்பி’ என்று மேலதிகாரி இழுத்ததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. சாம்பல் உதவாது என்று காட்டியாக வேண்டும். ஆசை வெட்கமறியாது என்பார்கள். பாவமும் அறியாது.

நில அளவைக்கு முளையடிக்கக் கூலிக்கு வந்த தோட்டத்து அழகனைச் சாம்பல் கருவியோடு எதிர்மலைக்கு அனுப்பினான். வந்துசேர வேண்டிய இடம் இந்தக் குவாட்டர்ஸ். இடையில் ஓர் ஓடைப் பள்ளம், மஞ்சள் திரையில் மை கொட்டிக் கிடந்த இடம். ஆள் விளிம்பில் வந்து முழிபிதுங்கி நிற்பான், சேறும் சகதியுமாகத் திரும்பி வருவான், சிரித்துக்கொண்டே அறிக்கை எழுதலாம் என்பது இவன் போட்ட கணக்கு. அழகனுக்கோ பெருமை தாங்கவில்லை. “இது இருந்தா கண்ண மூடிக்கிட்டே வந்துறலாம் போலயே ஐயா!” என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டுத்தான் போனான்.

மூடுபனி இறங்கிய பிறகு அவன் குரல் வந்தது.

“ஐயா, கீழ ஓடச் சத்தம் கேக்குதுங்க. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. சுத்தி வரட்டுங்களா?”

“அம்பு எங்க காட்டுது?”

“நேராத்தாங்க காட்டுது.”

“அப்ப நேர வா. சுத்தினா டெஸ்ட் பழுதாப் போயிடும். விளங்குதோ?”

“சரிங்க ஐயா.”

அடுத்து வந்தது ஓர் அலறல். வெகுநேரம் கழித்து மறுபடி குரல், தேய்ந்துபோய். “ஐயா... இடுப்புக்குக் கீழ ஒணர்வே இல்லைங்க. தண்ணி ஏறுது. யாரையாச்சும் அனுப்புங்க ஐயா.”

தேனுஜன் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். ஆளை அனுப்பினால், இடம் உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். படத்தைப் பார்ப்பார்கள். பள்ளம் இருப்பது தெரிந்துகொண்டே நேரே வரச் சொன்னாயா என்பார்கள். உத்தியோகம் போகும், மறியலில் கம்பி எண்ணவும் வேண்டிவரும். ‘ஐயா, ஐயா’ என்று அது அழைத்துக்கொண்டே இருந்தது. அவன் சத்தத்தைக் குறைத்தான், இன்னும் குறைத்தான், இல்லாமலே ஆக்கினான். அடப்பாவி, பிறகு போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினான்!

அந்தக் கருவிதான் இப்போது ‘கிர்ர்’ என்றது.

கதவு தட்டப்பட்டது. கருவியைக் குப்புறப் போட்டுவிட்டுத் திறந்தான். அழகனின் மனைவி நாகலெட்சுமி நின்றாள். கொழுந்து பறிக்கப் போகையில் இடுப்பில் சுற்றிய படங்குத் துணியை அவிழ்க்கக்கூட இல்லை, தலையில் போட்டிருந்த சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னால் தோட்டத்து லயவீடுகளின் ஆட்கள், கைகளில் டோர்ச் லைட்டுகள்.

“எங்க வீட்டுக்காரரு இன்னும் வரலைங்க ஐயா. அந்த மெசின்ல ஆளு நிக்கிற எடம் தெரியும்னு சொன்னாருங்களே. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

“அது பழுதாப் போச்சு. அழகன் ஃபெக்டரிப் பக்கம் போறன் எண்டுதான் சொன்னவன். அங்க போய்ப் பாருங்கோ.”

“பள்ளத்துப் பக்கம் ஒரு தடவ பாத்துருவோமா?” என்று பின்னாலிருந்து அழகனின் அண்ணன் இராமையா கேட்டான்.

“அங்க ஏன்? நான்தானே சொல்றன், ஃபெக்டரிப் பக்கம்.”

நாகலெட்சுமி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். “ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும். நடங்க மச்சான்,” என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனைக் கும்பிட்டுவிட்டுப் போகிறாள், இதைவிடக் கொடுமை உண்டா? வெளிச்சங்கள் எதிர்த்திசையில் ஒன்றன்பின் ஒன்றாக மூடுபனிக்குள் கரைந்தன.

கிர்ர்.

கருவியைத் திருப்பிப் பார்த்தான். புள்ளி நகர்ந்திருந்தது.

உயிரோடுதான் இருக்கிறான்! ஒரு கணம் அப்பாடா என்றிருந்தது. அடுத்த கணமே கதவைப் பார்த்தான். வந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவானே. அதற்குப் பிறகுதான் புள்ளி இருந்த இடத்தைக் கவனித்தான். பள்ளத்தின் இந்தப் பக்கச் சுவர். கோடுகள் ஒட்டி மையாகிப்போன இடம். அங்கே ஆடுகூட ஏறாது. இடுப்பு ஒடிந்தவன் எப்படி ஏறினான்?

கிர்ர். இன்னும் கிட்டே. வளைவில்லை, நெளிவில்லை. அடிமட்டம் வைத்துக் கீறிய மாதிரி அங்கிருந்து இங்கே ஒரே நேர்கோடு.

அந்தக் கோடுகளைப் பார்க்க அவனுக்குச் சகிக்கவில்லை. பொத்தான்களைத் தட்டி நுட்பமான படத்தை அழித்தான். மொட்டைப் படத்துக்கு மாற்றினான். இனி யார் வந்து பார்த்தாலும் பள்ளமே கிடையாது. எனக்கெப்படித் தெரியும் என்று கையை விரிக்கலாம். திரை சுத்தமாக இருந்தது. நடுவில் இவன். ஓரத்தில் அவன். முந்நூறு மீட்டர் என்றது கருவி.

சத்தத்தைக் கூட்டினான். பொத்தானை அழுத்தினான்.

“அழகன்? எங்க நிக்கிறாய்?”

மூச்சுகூடக் கேட்கவில்லை. கல்லோடு கல் உரசுகிற சத்தம், அதற்குள்ளே சேறு வாய் திறந்து மூடுவது போல ஒரு சப்புக்கொட்டல், அதற்கும் அடியில் எங்கோ தண்ணீர் ஒழுகுவது. கொஞ்சம் நின்று, மறுபடி உரசல், மறுபடி சப்புக்கொட்டல், அவசரமே இல்லாமல், நாள்கூலிக்கு வேலை செய்கிறவன் போல ஒரே சீராக.

இருநூறு.

பள்ளத்துக்கும் வீட்டுக்கும் நடுவே, வீட்டுக்குப் பின்னால் ஏறிப்போகும் தேயிலைச் சரிவுப் பக்கம் ஜன்னலைத் திறந்து டோர்ச்சை அடித்தான். நனைந்த செடிகள், நிரை நிரையாக. ஆளில்லை. ஓர் இலைகூட ஆடவில்லை. திரையில் மட்டும் புள்ளி அந்தச் செடிகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அந்த வாடை மூக்கில் ஏறியது. கிணறு வெட்டும்போது அடியிலிருந்து வருமே, வெயிலே காணாத மண்ணின் குளிர்ந்த வாடை, அது.

நேரே வரச் சொன்னான். நேரே வருகிறான். மலையைச் சுற்றவில்லை. மலைமேல் ஏறவும் இல்லை.

கதவைத் திறந்துகொண்டு ஓடினான்.

“ஓடி வாங்கோ! ஆராவது ஓடி வாங்கோ!”

தொண்டை கிழியக் கத்தினான். எங்கோ தொலைவில், ஃபெக்டரிப் பக்கம், நாகலெட்சுமி புருஷனைக் கூப்பிடும் குரல் இழையாகக் கேட்டது. ஒருவரும் திரும்பவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்த அத்தனை பேரையும் அவனே அல்லவா அனுப்பிவைத்தான்!

முற்றத்து மண் அவன் உள்ளங்காலில் தட்டியது. கீழேயிருந்து.

சீமெந்துத் தரை. அதுதான் தப்ப வழி. உள்ளே பாய்ந்தான். கதவைத் தாழிட்டான். மேசைமேல் ஏறிக் குந்தினான்.

முப்பது. பதினைந்து. ஆறு.

இரண்டு புள்ளிகளும் ஒன்றாயின.

அறையில் ஒருவருமில்லை. மழைகூட விட்டிருந்தது.

தரையின் நடுவே ஒரு வெடிப்பு. மயிரிழை. அது ஓடியது. கிளைத்தது. செந்நீர் கசிந்தது. சீமெந்து மெல்ல உப்பி உடைந்தது. உடைந்த இடத்தால் சாம்பல் கருவி மேலே வந்தது. அதைப் பிடித்திருந்த விரல்களில் நகம் இல்லை. திரையில் அம்பு.

தேனுஜன் மேசையின் மறுமூலைக்கு நகர்ந்தான்.

அம்பும் திரும்பியது.

“அழகன்... ஐயோ, நான் ஆளனுப்புறன். இப்பவே அனுப்புறன்.”

இன்னொரு கை வந்தது. தரையைத் தடவியது. மேசைக் காலைக் கண்டுபிடித்தது. அதைப் பிடித்துக்கொண்டு, மிச்ச உடம்பை மேலே இழுக்கத் தொடங்கியது.