நாலாவது தோள்

முன்னால் போகிறவன் "கல்லு" என்றால், பின்னால் வருகிறவன் "கல்லு" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். டோலி தூக்குகிறவர்களின் வழக்கம் அது. பின்தண்டைச் சுமப்பவனுக்கு வழி தெரியாது, காதை நம்பித்தான் கால் வைக்க வேண்டும். அன்று மாலை கோலார் மலையிலிருந்து வெள்ளைக்காரத் துரைசானியை இறக்கிக்கொண்டு வந்தபோது டோலிக்குப் பின்னால் இருந்தது ஒரே ஓர் ஆள். விளக்கோடு முன்னால் நடந்த ஏனோக்குக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் பதில் இரண்டு குரலில் வந்தது.

பாறைகள் எதிரொலிக்கின்றன என்று நினைத்துக்கொண்டு அவன் நடையைச் சற்று எட்டிப் போட்டான். மூடுபனி புதரெல்லாம் படர்ந்து, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாதபடி பாதையை விழுங்கியிருந்தது. தூறல் விடவில்லை. நனைந்த எலுமிச்சைப்புல்லின் வாசனை காற்றில் இருந்தது. அதற்குள்ளேயே இன்னொரு வாசனையும் வந்தது. வெடி போட்ட பிறகு சுரங்கத்து ஷாஃப்ட் குழியிலிருந்து மேலே வருமே, மருந்துப் புகையும் ஊறிப்போன மரக்கட்டையும் கலந்த நாற்றம், அது. தங்கவயல் இங்கிருந்து அரைநாள் வண்டிப் பயணம். இந்த மலையில் அந்த வாசனைக்கு என்ன வேலை?

தங்கவயலுக்கு மின்சாரம் வருவதற்குச் சில வருஷம் முன்பு நடந்தது இது. அங்கே நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் ஓர் இன்ஜினியர் துரையின் பங்களாவில் ஏனோக் பட்லராக இருந்தான். மிஷன் பள்ளியில் படித்தவன், இங்கிலீஷ் சுத்தமாகப் பேசுவான். சீமையிலிருந்து வந்திருந்த துரையின் தங்கைக்கு நாலு இடம் சுற்றிக் காட்டச் சொல்லி அவனோடுதான் அனுப்பினார்கள். கோலார் மலை, பாறையிலிருந்து விழும் சுனை, அதற்கு மேலே குகைகள், உச்சியிலிருந்து தெரியும் காட்சி. முதல் நாளே வந்து கோலாரில் பயணிகள் தங்கும் முசாபரி பங்களாவில் இறங்கினார்கள்.

வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ராஜப்பாவும் வந்திருந்தான். ஏனோக்கின் கூடப்பிறந்த அண்ணன். ஸ்கெலட்டன் லைன் என்ற சுரங்கக் கூலிகளின் குடிசை வரிசையில் குடியிருந்துகொண்டு, பதினாலு வருஷமாகப் பூமிக்கடியில் பாறை உடைத்து, தம்பியைப் படிக்க வைத்தவன்.

"நீ இன்னாத்துக்கு வந்த?" என்று வண்டி மறைவில் கேட்டான் ஏனோக்.

"லீவு குடுத்தாங்கடா. நானும் மலைய எல்லாம் எப்ப பாக்கறது?"

"சரி. துரைசானி முன்னால என்கிட்ட பேசாத. அண்ணன்னு யார்கிட்டயும் சொல்லாத."

ராஜப்பா தன் கிழிந்த வேட்டியையும், எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாத நகக்கண் அழுக்கையும் பார்த்துக்கொண்டான். "சொல்லலடா" என்றான்.

காலையில் டோலிக்கு நாலாவது ஆள் காய்ச்சல் என்று வரவில்லை. யாரும் கேட்காமலே ராஜப்பா போய்த் தண்டில் தோள் கொடுத்தான். ஏறும்போது அவன் கண் ஒரு நிலையில் நிற்கவில்லை. கல் நந்தியின் வாயிலிருந்து கொட்டிய சுனை நீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்ற பாறைகளை வாய் பிளந்து பார்த்தான். உச்சிக்குப் போனதும், தூரத்தில் மெல்லிசாகத் தெரிந்த சுரங்கப் புகைபோக்கிகளை ஏனோக் துரைசானிக்கு இங்கிலீஷில் காட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்று, "அம்மாடி, எவ்ளோ வெளிச்சம்!" என்றான் உரக்க.

துரைசானி திரும்பிச் சிரித்தாள். "யார் அந்த ஆள்?"

"யாரோ ஒரு கூலிக்காரன், மேடம்."

அப்படிச் சொன்னபோது ஏனோக்கின் காது மடல் சுட்டது. இங்கிலீஷ் தெரியாத ராஜப்பாவும் சிரித்துக்கொண்டேதான் நின்றான்.

பிற்பகலில் குகைகளைப் பார்க்கப் போனார்கள். மற்ற மூன்று பேரும் டோலியை இறக்கி வைத்துவிட்டுக் கீழே ஒரு பாறையின் அடியில் சுருட்டுப் பிடிக்க ஒதுங்கினார்கள். வேடிக்கை பார்க்கும் ஆசையில் ராஜப்பா மட்டும் கூடவே வந்தான். இரண்டு பெரும்பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு இருட்டாக இறங்கிப் போனது. எட்டிப் பார்த்த துரைசானியின் குடை கை நழுவி உள்ளே விழுந்தது.

"பரவாயில்லை, விடு. குடைதானே" என்றாள் அவள்.

விட்டிருக்கலாம். அவளே விடச் சொன்னாள். ஆனால் தன் ஒரு சொல்லுக்கு ஆள் ஓடும் என்பதை அவள் பார்க்க வேண்டும் போலிருந்தது ஏனோக்குக்கு.

"டேய்! எறங்கி எட்றா அத."

டேய். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவன் காதிலேயே விழுந்தது. ராஜப்பா ஒரு கணம் அவனைப் பார்த்தான். கோபம் இல்லை. "சரிங்க தொரை" என்று சொல்லிவிட்டு இடுக்கில் இறங்கினான்.

கொஞ்ச நேரம் கல் உரசும் சத்தம் கேட்டது. பிறகு எதுவோ பெரிதாக ஒன்று சரிந்து உட்கார்ந்தது. பாறை மூச்சு விட்டது போலப் புழுதி மேலே வந்தது.

"தம்பி... கால் மாட்டிக்கிச்சுடா. கல்லு மேல குந்திக்கிச்சு. கை குடு."

துரைசானியின் முகம் வெளுத்தது. "என்ன சொல்கிறான்? தம்பி என்றால் என்ன?"

"யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், மேடம். ஒன்றுமில்லை. இதற்கு மறுபக்கம் வழி இருக்கிறது, அப்படியே இறங்கி வந்துவிடுவேன் என்கிறான்."

பொய் தானாக வந்தது, வழவழவென்று, நல்ல இங்கிலீஷில். தூறல் பிடித்திருந்தது. அவளை வண்டியில் ஏற்றிவிட்டு, கயிறும் கடப்பாறையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம். ஏனோக் இடுக்கின் வாயில் குனிந்து, "கத்தாத. வரேன், இரு" என்றான் மெதுவாக.

"தம்பி, இருட்டா கீதுடா" என்றது குரல். மறுபடி ஒரு கல் சரிந்தது. அதற்குப் பிறகு உள்ளே சத்தமே இல்லை.

அவன் எழுந்து வந்துவிட்டான்.

"அந்த ஆளுக்கு வயித்து வலி, முன்னாலயே போயிட்டான்" என்று மற்றவர்களிடம் சொன்னான். அவர்கள் முனகினார்கள். "மூணு பேரு எப்பிடிங்க தூக்கறது? சாஞ்சிடுமே." மழைக்காக டோலியின் கூண்டின்மேல் மெழுகுத்துணியைப் போர்த்தினார்கள். அது இரண்டு பக்கமும் முழங்கால்வரை தொங்கியது. இடப்பக்கம் பின்தண்டில் ஆள் இல்லை. "ஹோ" என்று தூக்கினார்கள்.

டோலி சாயவில்லை.

இப்போது பாதி மலை இறங்கியாகிவிட்டது. இன்னும் சாயவில்லை.

"பள்ளம்" என்றான் முன்னால் வந்தவன்.

"பள்ளம்."

"பள்ளம்."

இரண்டாவது குரல் சற்றுத் தாமதமாக, தொண்டையில் மண் அடைத்தது போல வந்தது. ஏனோக் திரும்பவில்லை. விளக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். காலடிகளை எண்ண வேண்டாம் என்று நினைக்க நினைக்கக் காது அதையே கேட்டது. ஈரமண்ணில் சதக், சதக் என்று மூன்று பேரின் நடை. அதற்கு நடுவே ஒரு காலை ஊன்றி மறு காலை இழுக்கும் சத்தம். சதக். சர்ர்ர். சதக். சர்ர்ர்.

திரும்பிப் போக வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும். 'மேடம், மேலே மாட்டிக்கொண்டிருப்பது என் அண்ணன்.' அவ்வளவுதான். சொல்லிவிட்டால் என்ன ஆகிவிடும்? சிரிப்பாளா? சிரிக்கக்கூட மாட்டாள். அவள் பார்க்கப்போகும் அந்தப் பார்வை. அதை நினைத்ததும் அவன் நடையை இன்னும் எட்டிப் போட்டான்.

"ஏனோக்" என்று மெழுகுத்துணிக்குள்ளிருந்து துரைசானி கூப்பிட்டாள். "இடப்பக்கம் பின்னால் இருக்கும் ஆள் தம்பி தம்பி என்று சொல்லிக்கொண்டே வருகிறான். யார் அது?"

"யாருமில்லை, மேடம்."

காலிழுக்கும் சத்தம் நின்றது.

டோலியும் நின்றது. முன்னால் இருந்தவர்கள் இழுத்துப் பார்த்தார்கள், நகரவில்லை. "இன்னாப்பா, நட" என்று வலப்பக்கம் பின்னால் இருந்தவன், வயிற்று வலிக்காரன்தான் வந்து சேர்ந்துகொண்டான் என்று எண்ணி அதட்டிக்கொண்டே குனிந்து, துணிக்கு அடியில் அந்தப் பக்கம் பார்த்தான். அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அலறல் இல்லை, மூச்சை உள்ளே இழுத்த சத்தம். தண்டை விட்டுவிட்டுப் புதருக்குள் பாய்ந்தான். முன்னால் இருந்த இருவரும் என்ன ஏது என்று திரும்பிப் பார்த்து, தோளை உருவிக்கொண்டு ஓடினார்கள். கற்கள் உருளும் ஓசை மலைச்சரிவில் தேய்ந்து மறைந்தது.

டோலியின் முன்பக்கம் தொப்பென்று தரையில் இடித்தது. பின்பக்கம் இறங்கவில்லை. தோள் உயரத்தில், இரண்டு தண்டும் சமமாக, அப்படியே நின்றது.

"ஏனோக்! நான் சரிகிறேன்! தூக்கு!"

அவள் குரலுக்குப் பழகிய உடம்பு. விளக்கைப் பாறைமேல் வைத்துவிட்டு ஓடி, முன்தண்டுகளுக்கு நடுவே புகுந்து, இரண்டையும் இரண்டு தோளில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தான். பிறந்ததிலிருந்து அவன் தூக்காத பாரம். முதுகுக்குப் பின்னால் வெடிமருந்து நாற்றம் திரையாக வந்து இறங்கியது.

"தம்பி" என்றது. அன்பாகத்தான் கூப்பிட்டது. "இருட்டா கீதுடா. வா."

தண்டு மெல்லப் பின்னால் இழுபட்டது. மேட்டுப் பக்கம்.

தோளை விடுவிக்கப் பார்த்தான். முடியவில்லை. சதைக்குள் இறங்கியது போல இருந்தது மரம். ஓரடி பின்னால் வைத்தான். இன்னோரடி.

"மேடம், குதித்துவிடுங்கள்!" என்றான். "கீழே குதியுங்கள்!"

"ஏன்? யார் பின்னால் இருப்பது? சொல்!"

சொன்னால் குதித்துவிடுவாள். ஒரே வார்த்தை. அவன் வாயைத் திறந்தான். தன் குரல் தனக்கே கேட்டது, வழவழவென்று.

"யாருமில்லை, மேடம். கூலிக்காரன்தான்."

"அப்படியானால் சரி" என்று அவள் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கீழே மூடுபனி ஓரிடத்தில் விலகி, முசாபரி பங்களாவின் விளக்கு நெல்மணி அளவு தெரிந்தது. ஏனோக் அதைப் பார்த்தபடியே பின்னோக்கி ஏறினான். குதிகால் கல்லைத் தேடித் தேடி ஊன்றியது. பின்னால் ஒரு கால் ஊன்ற, ஒரு கால் இழுபட்டது. விளக்கு எள்ளளவானது. இடுக்கின் அந்த இரண்டு பெரும்பாறைகளும் இருபுறமும் நெருங்கி வந்தன. ஈரமான கல் அவன் முழங்கையில் உரசியது, பிறகு தோளில், பிறகு கன்னத்தில்.