கோர்டூலா கடந்துபோன மதியம்

கைபேசியின் கப்பல் வரைபடத்தில் முகத்துவாரம் காலியாக இருந்தது. ஆனால் உட்கார்ந்திருந்த பெஞ்ச் அதிர்ந்தது.

லீண்டர்ட் செயலியை மூடி மறுபடி திறந்தான். ஃப்ளிஸிங்கன் துறைமுகக் கரையில் உட்கார்ந்து கப்பல்களைப் படம் எடுப்பவர்களுக்கு அது பஞ்சாங்கம் மாதிரி. எந்தக் கப்பல், எங்கிருந்து, என்ன வேகம், எல்லாம் சொல்லிவிடும். இப்போது வெறும் நீலம்தான் தெரிந்தது.

"பெரிய இன்ஜின்டா," என்றான் பக்கத்தில் இருந்த மரினஸ், காப்பியை ஊதிக்கொண்டே. "போன வாரம் தூங்கி ஒரு கப்பலைக் கோட்டை விட்டியே, அதுதான் உன்னைப் பாத்துச் சிரிக்கத் திரும்பி வருதோ என்னவோ."

பின்னால் நிறுத்தியிருந்த காரிலிருந்து லீண்டர்ட்டின் மனைவி யிக்கெ கத்தினாள். "அந்தத் தகரடப்பாவைப் படம் எடுத்துட்டுச் சீக்கிரம் வா லீண்டர்ட்! குளிருது!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு கப்பலையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் கூட வந்து, காரில் உட்கார்ந்து, ஓயாமல் திட்டுவாள். இதைவிடப் பெரிய காதல் உலகத்தில் இருக்கும் என்று அவன் நம்பவில்லை.

மூடுபனிக்குள்ளிருந்து முதலில் வாடைதான் வந்தது. துருவும் ஈரமும் எரியெண்ணெயும், அவற்றுக்கு அடியில், மின்சாரம் போய் ஒரு மாதம் மூடிக்கிடந்த குளிர்பெட்டியைத் திறந்தாற்போல ஒரு நாற்றமும் கலந்து வந்து தொண்டையில் உட்கார்ந்தது. பிறகு கறுப்புச் சுவர் மாதிரி அதன் முகப்பு, கல்லெறி தூரத்தில், அலையே எழுப்பாமல் நகர்ந்தது. பெயர் மேல் பூசியிருந்த வெள்ளையடிப்புக்கு அடியில் எழுத்துகள் மேடாகத் தெரிந்தன. கோர்டூலா.

அவனுக்கு அதைத் தெரியும். உடைக்கப் போகும் கப்பலின் கடைசிப் பயணத்தை இந்தக் கூட்டம் தவறவிடாது. மூன்று வருஷத்துக்கு முன் கோர்டூலாவை வழியனுப்பிப் படம் எடுத்தவனே அவன்தான். பிறகு அதன் தலை தனியாக வெட்டுப்பட்டு கப்பல் உடைக்கும் கரை மணலில் கிடந்த படம் இணையத்தில் வந்தபோது, அதன் கீழே அழுகிற பொம்மை போட்டவனும் அவன்தான்.

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். இந்தப் படம் வேறு எவனிடமும் இருக்காது என்று நினைத்து, லீண்டர்ட் பொத்தானை அழுத்தியபடியே பிடித்திருந்தான். படபடவென்று விழுந்தன படங்கள்.

"எடுத்தியாடா?" என்று திரும்பினான்.

மரினஸ் இல்லை. பெஞ்சில் காப்பி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நடைபாதையில் சற்றுமுன் ஒருவர் நடத்திப்போன நாய் தன் கயிற்றை இழுத்துக்கொண்டு தனியாகச் சுற்றியது.

கேமராத் திரையைப் பார்த்தான். முதல் படத்தில் கப்பலின் கைப்பிடிக் கம்பி வெறிச்சென்று இருந்தது. அடுத்ததில் மரினஸ், மஞ்சள் தொப்பியோடு. அடுத்ததில் அவன் பக்கத்தில் நாய்க்காரர்.

கடைசிப் படத்தில் யிக்கெ.

"என்னடா பண்றே அங்க?" காரிலிருந்து அவள் குரல். உயிரோடு. எரிச்சலோடு.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் நேரம் இருக்கிறது.

"பேசிட்டே இரு யிக்கெ! நிறுத்தாதே!"

"நான் என்னைக்கு நிறுத்தினேன்?"

தேறாத படத்தை அங்கேயே அழிப்பது அவர்கள் பழக்கம். அந்தப் படம் போனால் அவள் தப்பிவிடுவாள் என்று பொத்தானைத் தொட்டான். அவள் நிற்கும் படம். அழிக்கவா என்று கேட்டது திரை.

"பதினாறு வருஷமா இந்தக் காத்துல உக்காந்து உன் முதுகையே பாத்துட்டு, ஒரு நாளாவது நீ—"

அழுத்தினான்.

குரல் நின்றது.

கார். ஹீட்டர் ஓடுகிறது. சீட் பெல்ட் பூட்டியபடி, ஆளில்லாத இருக்கைமேல் இறுகிக் கிடக்கிறது.

கேமராவைத் தூக்கினான். லென்ஸுக்குள் கம்பி. மஞ்சள் தொப்பி. நாய்க்காரர். யிக்கெ. மூடுபனி அவளை இடுப்புவரை விழுங்கியிருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை.

வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. விட்ட இடத்திலிருந்து. நிறுத்தாமல்.