மூணாவது மாடியில் மாட்டாத ஹூக்

"ஹலோ! மேல நிக்கிறவரே! பெல்ட் ஹூக்கை மாட்டுங்க!"

கத்திய கத்தலில் மணிமொழிக்குத் தொண்டை கமறியது. அபிராமபுரத்தில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடம். மூன்றாவது மாடிச் சாரத்தின் ஓரத்தில், மழைத் தூறலில், கயிற்றில் மாட்ட வேண்டிய பாதுகாப்பு பெல்ட்டின் ஹூக் காற்றில் ஊசலாட, இடது கையில் ஸ்பானரோடு ஒருத்தன் நின்றிருந்தான்.

"யாரு... என்னையா சொன்னீங்க?"

"பின்னே, மேகத்தையா சொன்னேன்?"

சிரித்தான். சிரித்துக்கொண்டே மாட்டினான். மழை வழிந்த முகத்தில் இரண்டு கண்கள்... கறுகறுவென்று, குறும்பாக... மணிமொழி சட்டென்று குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டாள். சேஃப்டி ஆபீசர் மேலே பார்க்கலாம். தப்பில்லை. ஆனால் ஹூக்கை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

பெயர் செம்பியன், சைதாப்பேட்டைக்காரன், சாரம் கட்டுவதில் சூரன் என்பதெல்லாம் அவள் கேட்காமலே காதில் விழுந்தன.

அன்றுதான் அவள் அந்த சைட்டில் கால் வைத்திருந்தாள். கையோடு ஒரு புதுத் திட்டம். தொழிலாளிகளே ஒருத்தரையொருத்தர் கவனிக்க வேண்டும். யார் எதைச் சரியாகச் செய்தார், எங்கே சறுக்கினார் என்று காலைக் கூட்டத்தில் பேச வேண்டும். பெயர் வராது. தண்டனை கிடையாது. ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டு, அந்தக் காரணத்தைச் சரிசெய்ய வேண்டும். இங்கே இது ஓடினால் கம்பெனியின் தி.நகர், அடையாறு சைட்டுகளுக்கும் போகும். ஓடாவிட்டால்... தப்பு செய்தவனை கேட்டுக்கு வெளியே நிறுத்தும் பழைய முறைதான்.

மறுநாள் கூட்டத்தில் உற்சாகமாகவே ஆரம்பித்தாள். "நேத்து மூணாவது மாடியில ஒருத்தர் ஹூக் மாட்டாம நின்னார். பேர் வேண்டாம். இடது கையில ஸ்பானர் பிடிச்சு வேலை செய்யறவர்..."

கொல்லென்று சிரிப்பு.

அந்த சைட்டில் இடது கைக்காரன் ஒரே ஒருத்தன்தான். மணிமொழிக்கு அது தெரியாது. சைட் இன்ஜினீயர் அசோகனுக்கு நன்றாகத் தெரியும்.

"செம்பியா! இனிமே நீ சாரத்துல ஏறாதே. கீழே குழாய் தூக்கு."

எல்லார் முன்னாலும்! செம்பியன் அவளைப் பார்த்தான். நேற்றைய குறும்பு இல்லை.

"இன்னா மேடம்... பேரு வராதுன்னீங்க?"

"நான் பேர் சொல்லலையே!"

"கரெக்டு. பேரை மட்டுந்தான் சொல்லல."

திரும்பி நடந்துவிட்டான். தப்பு தன் பேரில்தான் என்று மணிமொழியின் மனசுக்குத் தெரிந்தது. வாய்க்கு வரவில்லை. கௌரவம்! மாட்டாமல் நின்றவன் அவன்... நான் எதற்கு ஸாரி கேட்க வேண்டும்?

அதற்கப்புறம் சைட்டே மாறிப்போனது. அவள் ஹெல்மெட் தெரிந்தால் போதும், கீழேயிருந்து விசில் பறக்கும். மேலே டக் டக்கென்று ஹூக்குகள் மாட்டிக்கொள்ளும். அவள் நகர்ந்ததும் கழன்றுகொள்ளும். கூட்டத்தில், "எல்லாம் நல்லா கீது மேடம்." அவ்வளவுதான்.

ஒரு மதியம், கம்பி கட்டும் மெஹபூப் பாஷா கையில் துணியைச் சுற்றி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றார். துணி சிவந்திருந்தது.

"என்ன பாய் அது?"

"பெயின்ட்டும்மா. வேற ஒண்ணியும் இல்ல."

வற்புறுத்திப் பிரித்தாள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது.

"ஏன் பாய் சொல்லலை?"

"சொன்னா? நாளைக்கு அந்தப் பையன் கூட நானும் குழாய் தூக்கணும்."

சுருக்கென்றது. அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, நேரே அசோகனின் அறைக்குப் போனாள்.

"சார், செம்பியன் மறுபடி சாரத்துல ஏறணும்."

"தப்பு பண்ணினவன்மா அவன்."

"நானும்தான் பண்ணினேன். கூட்டத்துல பேசறதை வச்சு நீங்க தண்டனை குடுத்தா, ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. இன்னிக்கு கை. நாளைக்கு உசுருன்னா என்ன சார் பண்ணுவீங்க?"

அசோகன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "சரி... ஏறச் சொல்லு."

மறுநாள் காலைக் கூட்டத்தில் அவளே முதலில் பேசினாள். "செம்பியன்... பேரைச் சொல்லாம அடையாளத்தைச் சொல்லிக் காட்டிக் குடுத்தேன். ஏன் மாட்டலைன்னு ஒரு வார்த்தை கேக்கவும் இல்லை. தப்பு என்னுது. மன்னிச்சிடுங்க."

பிறகு, கட்டுப் போட்ட கை ஒன்று மெல்ல உயர்ந்தது. "நேத்து கிளவுஸ் இல்லாம கம்பி வளைச்சது நான்தாம்மா. மழையில கிளவுஸ் போட்டா கம்பி வழுக்குது. இன்னா பண்றது?" பாஷாவைத் தொடர்ந்து இன்னொருத்தர்... அப்புறம் இன்னொருத்தர்... முதல் தடவையாகக் கூட்டம் முடிய மறுத்தது.

செம்பியன் மட்டும் பேசவே இல்லை.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்கு ஓடியவள் டீக்கடைக் கூரைக்குள் ஒதுங்கினாள். உள்ளே அவன். இன்னொரு டீ சொல்லி அவள் பக்கம் நகர்த்தினான்.

"ஏன் மாட்டலன்னு இன்னும் கேக்கலியே மேடம்?"

"கயிறு எட்டலையா? ஹூக் இறுகிப்போச்சா?"

"அதெல்லாம் சோக்கா கீது." கண்ணாடி டம்ளரைச் சுற்றினான். "கேட்டாண்ட நீங்க வந்துக்கினு இருந்தீங்க. குடை இல்ல. மூக்கு நுனியில மழை சொட்டுது. எல்லாத்தையும் பாக்குறீங்க, மேல மட்டும் பாக்கல. கழட்டிட்டு ஓரத்துக்கு வந்து ஸ்டைலா நின்னேன்... பாப்பீங்கன்னு."

மணிமொழிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணீரும்.

"பைத்தியமா உங்களுக்கு? விழுந்திருந்தா?"

"தப்புதான். அதான் இப்ப தரையில நின்னு சொல்றேன். எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு."

மழை தகரத்தில் தடதடத்தது. அவள் டீயைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள்... கடைசியில் அந்தக் கறுப்புக் கண்களைப் பார்த்தாள்.

"இனிமே ஓரத்துக்கு வராதீங்க. ஹூக்கை மாட்டிக்கிட்டு எந்த மூலையில நின்னாலும்... நான் உங்களைத்தான் தேடுவேன்."