பதினான்காம் அத்தியாயத்தின் வெள்ளைக் கையுறை

சிகாகோவின் தெற்குப் பகுதியில், கடை திறக்கும் நேரத்துக்கு முன்பே நஜீபாவின் புத்தகக் கடையில் இருந்தவர்கள்: கடைக்காரி நஜீபா, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்ற நாவலாசிரியை டெல்ஃபின் க்ரவுடர், அவளுடைய நாவல்களைப் பதிப்பகத்திடம் சேர்க்கும் ஏஜென்ட் டெரன்ஸ் மேப்ரி, நியூயார்க்கிலிருந்து வந்திருந்த பதிப்பாசிரியை ஹானா வாஸ். அங்கிருந்த கறுப்பர்களுக்கு நடுவே ஒரே வெள்ளைக்காரி ஹானாதான். அதை அவளால் ஒரு நிமிடமும் மறக்க முடியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

கடைசியாக வந்தவர்கள் இருவர். டெல்ஃபின் உதவிக்குக் கூப்பிட்டிருந்த, காப்பீட்டு நிறுவனத்தில் முப்பது வருடம் பொய்க் கணக்குகளைத் தோண்டியெடுத்து ஓய்வுபெற்ற வெர்டெல் ப்ரூட். அவர் எங்கே கிளம்பினாலும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே ஓடிவரும் முடிதிருத்துபவர் லூஷியஸ்.

காலணியில் ஒட்டிய பனியோடு ப்ரூட் உள்ளே நுழைந்தபோது கதவருகே நின்றவன் டெரன்ஸ். அவன் ஒன்றும் பேசவில்லை. இடது கையை முதுகில் மடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையால் ஒரு நாற்காலியைக் காட்டினான். ப்ரூட் உட்காரும்வரை அசையாமல் நின்றான்.

விஷயத்தை டெல்ஃபின் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். நாவல் ஒரு குழாய் பழுதுபார்ப்பவனைப் பற்றியது. மாடி வீட்டு விதவையின் குழாய் ஒழுகுகிறது, அவன் சரிசெய்யப் போகிறான், இருவருக்கும் பிடித்துப்போகிறது. யாரும் சாகவில்லை. பதினான்காம் அத்தியாயத்தில் அவன் வெந்நீர்க் கொப்பரையை மாற்றுகிறான், அவ்வளவுதான். ஆனால் நேற்று வந்த கடைசி அச்சுப் பிரதியில் கொப்பரையைக் காணோம். அதற்குப் பதிலாக அவனுடைய தம்பியைப் போலீஸ் நடுத்தெருவில் சுட்டுக் கொன்றிருந்தது. பதினோரு பக்கத்துக்குச் சவ அடக்கம்.

"ஒரு வரி நான் எழுதல. என் பேரு மட்டும் அட்டையில இருக்கு," என்றாள்.

தனக்கு வந்த கோப்பிலேயே அப்படித்தான் இருந்தது என்றாள் ஹானா. விமர்சகர்களுக்குப் போன மாதமே அனுப்பியாகிவிட்டது. எல்லோரும் அந்த அத்தியாயத்தைத்தான் கொண்டாடுகிறார்கள். டெல்ஃபின் எழுதிவிட்டுப் பிறகு பயந்து பின்வாங்குகிறாள் என்றே அலுவலகம் நினைக்கிறது. ஒரு மணிக்கு அச்சு ஏறும். வேறொருவர் எழுதியது என்று தெரிந்தால் மட்டுமே நிறுத்த முடியும்.

கோப்பு போன வழி எளிது. டெல்ஃபின் அதை ஒரு பிரதி எடுக்கச் சொல்லி நஜீபாவிடம் கொடுத்தாள். நஜீபாவிடமிருந்து டெரன்ஸ் வாங்கினான். டெரன்ஸ் ஹானாவுக்கு அனுப்பினான். மூன்று கைகள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு பிரதர்?" என்றார் லூஷியஸ். "நம்ம கதையில நம்ம ஆள் சாகலைன்னா யாருக்குத் தூக்கம் வராது?" அவர் ஹானாவைப் பார்த்த பார்வையில் தீர்ப்பே எழுதியிருந்தது. ஹானாவின் கழுத்து சிவந்தது.

ப்ரூட் பதினோரு பக்கத்தையும் படித்தார். பிறகு ஒரே ஒரு இடத்தைச் சத்தமாக வாசித்தார்: "சர்ச்சுக்குள் நின்ற தொண்டன் வெள்ளைக் கையுறை அணிந்த வலது கையை மார்பில் வைத்து மூன்று விரல்களைக் காட்டினான்."

அதற்கு என்ன அர்த்தம் என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்றாள் ஹானா. ஓரத்தில் 'அற்புதமான குறியீடு' என்று தான் குறித்து வைத்ததையும் காட்டினாள். தான் பள்ளிவாசலில் வளர்ந்தவள், சர்ச் பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை என்றாள் நஜீபா. அந்த ஆளுக்கு நெஞ்சு வலி என்று நினைத்ததாக டெல்ஃபின் சொன்னாள். அவளுடைய அப்பா பாதிரிமாரைத் திட்டியே ஆயுளைக் கழித்தவர்.

"எனக்கும் தெரியாது. நான் சர்ச்சுக்கே போனதில்ல," என்றான் டெரன்ஸ்.

ப்ரூட் தாள்களை அடுக்கி வைத்தார்.

"மூணு இடம் காலின்னு அர்த்தம். கூட்டம் நிறைஞ்சிருக்கும்போது வாயத் திறக்கக் கூடாது. உள்ள நிக்கிறவன் விரலைக் காட்டுவான், வாசல்ல நிக்கிறவன் அத்தனை பேர மட்டும் அனுப்புவான். முப்பத்தோரு வருஷம் எங்க சர்ச்சுல நான் கையுறை போட்டு நின்னிருக்கேன். பெஞ்சில உக்கார்றவங்களுக்குக்கூட இது தெரியாது. நின்னவனுக்குத்தான் தெரியும்."

"அப்போ எழுதினது நின்னவன்," என்றார் லூஷியஸ் மெதுவாக.

"நான் உள்ள வரும்போது எனக்கு நாற்காலி காட்டினது யாரு? இடது கை எங்க இருந்துச்சு?" என்றார் ப்ரூட். "கையுறை போட்டு நிக்கிறவங்க அப்படித்தான் நிப்போம். அது பழகின உடம்பு தம்பி. வாய் பொய் சொல்லும், அந்தக் கை சொல்லாது."

டெரன்ஸ் தன் இடது கையைப் பார்த்தான். அது அப்போதும் முதுகில்தான் இருந்தது.

லூஷியஸுக்கு ஏமாற்றத்தை மறைக்கத் தெரியவில்லை. "இந்தம்மாவா இருக்கும்னு கடையப் பூட்டிட்டு ஓடி வந்தேன்," என்று ஹானாவைக் காட்டி முணுமுணுத்தார்.

"கொப்பரை மாத்துற கறுப்பன எவன் படிப்பான் டெல்ஃபின்?" டெரன்ஸின் குரலில் குற்றவுணர்ச்சியைவிடச் சலிப்புதான் அதிகம். "நாலு புத்தகம் எழுதிட்ட. நாலுக்கும் 'இதமான சின்னக் கதை'ன்னு ஒத்த வரி. இந்தப் பதினோரு பக்கத்தாலதான் உன்னத் திரும்பிப் பாக்குறாங்க."

"செத்தது யாரு?" என்றார் ப்ரூட்.

"என் தம்பி. அப்போ எனக்குப் பதினேழு வயசு. அவன் அடக்கத்துல கையுறை போட்டு நின்னது நான்."

டெல்ஃபின் அழவில்லை, அவன் தோளைத் தொடவும் இல்லை. பதினோரு பக்கத்தையும் உருவி அவன் கையில் திணித்தாள்.

"அப்போ இது உன் புத்தகம். உன் பேர்ல எழுது, மொத ஆளா வாங்கிப் படிக்கிறேன். அவங்க கேக்குறாங்கன்னு உன் தம்பியக் கொண்டுவந்து என் குழாய்க்காரன் வீட்டுல கிடத்தாத. இனிமே நீ என் ஏஜென்ட் இல்ல."

ஹானாவின் கண்கள் தாள்களையே தொடர்ந்தன. டெரன்ஸ் அதைத் தன் பேரில் எழுதுவாரா என்று மெல்லக் கேட்கவும் வாயெடுத்தாள்.

"அங்க என்ன பார்வை?" என்றாள் டெல்ஃபின். "அச்சகத்துக்குப் போனைப் போடு. எனக்கு என் கொப்பரை வேணும்."

ஹானா எண்ணை அழுத்தினாள்.

ப்ரூட் எழுந்து கதவருகே போனார். இடது கையை முதுகில் மடித்தார். வலது உள்ளங்கையால் வெளியே காட்டினார். டெரன்ஸ் தாள்களைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு பனியில் இறங்கினான். கடை திறக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நஜீபா கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளைப் போட்டு, கீழே பூட்டையும் பூட்டினாள்.