தொட்டி வளைவில் யாருமில்லை

காலை 6.45. முதலாவதாக ஓடிவந்து கயிற்றை மார்பால் தள்ளிய சிறுமியின் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. மஞ்சள் பட்டையைக் காணோம்.

தட்டத் தூக்கிய கைகள் அந்தரத்தில் நின்றன.

பந்தயத்தின் பாதை எளிமையானது. பள்ளி வாசலில் கிளம்பி ரயில் பாதையோரத் தெரு வழியாகத் தண்ணீர்த் தொட்டிவரை ஓட வேண்டும். தொட்டி வளைவில் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் மஞ்சள் பட்டை வாங்கி மாட்டிக்கொண்டு கிடங்குத் தெரு வழியாகத் திரும்ப வேண்டும். மொத்தம் நான்கு கிலோமீட்டர். இரண்டு தெருக்களையும் நடுவில் ஒரு சந்து இணைக்கிறது. பட்டை இல்லாமல் வந்தால், அந்தச் சந்தில் புகுந்து வந்ததாகத்தான் அர்த்தம்.

சிறுமிக்குப் பதின்மூன்று வயது. ஒல்லி உடம்பு. எல்லோருக்கும் அவள் குச்சி.

"எங்கடி பட்டை?" என்றாள் அவளுடைய அம்மா. சலவைக்கூடத்தில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு, வேலை உடுப்போடு வந்திருந்தாள்.

"தொட்டியச் சுத்திட்டுத்தாம்மா வந்தேன். அங்க யாருமே இல்ல."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

பயிற்சியாளருக்குச் சிரிப்பு வரவில்லை. விளையாட மைதானமே இல்லாத ஐந்து பள்ளிப் பிள்ளைகளை, மணியடிக்கும் முன் தெருவில் ஓடப் பழக்கியவள் அவள். காசு வாங்குவதில்லை. வசதியான வீடுகளின் வாசலில் நின்று பழைய காலணிகளைக் கேட்டு வாங்கி, கிழிந்ததைத் தைத்து, பிள்ளைகளுக்கு மாட்டிவிடுவாள். அவர்களுக்கு அவள் 'ஓட்டக்கார அக்கா'. இன்று முதலில் வருபவருக்கு விளையாட்டு விடுதியில் ஓர் இடம் உண்டு. சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு.

அவள் ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள். பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை வருடத்தில் அவளிடம் பழகிய எந்தப் பிள்ளையும் இந்தப் பாதையைப் பதினெட்டு நிமிடத்துக்குக் குறைவாக முடித்ததில்லை. இரண்டாவதாக வரவேண்டிய பையன் இன்னும் கண்ணிலேயே படவில்லை.

கல்வி அலுவலர் தொண்டையைச் செருமினார். "குறுக்குவழியில ஓடத்தான் இங்க சொல்லிக் கொடுக்கறீங்கன்னா, இனிமே பள்ளிக்கூட வளாகத்தை உங்களுக்குத் திறந்துவிட முடியாதும்மா."

முச்சந்தியில் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்த போக்குவரத்துப் பெண் இன்ஸ்பெக்டர் சத்தம் கேட்டு வந்தார். வருடக்கணக்காக விபத்து வழக்குகளைப் பார்ப்பவர். சாலையில் பதிந்த பிரேக் தடத்தை வைத்தே வண்டி வந்த வேகத்தைச் சொல்லிவிடுவார் என்று அவரைப் பற்றி ஸ்டேஷனில் பேச்சு உண்டு.

அவர் சிறுமியின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

"இடது காலைத் தூக்கு."

குச்சி தூக்கினாள். காலணியின் தேய்ந்துபோன அடிப்பாகத்தில் ஒரு டயர்த் துண்டை வெட்டி ஒட்டியிருந்தார்கள். இடுக்குகளில் ஈரச் சேறு.

"யார் ஒட்டினது?"

"அம்மா. பழைய ஸ்கூட்டர் டயர்ல."

காலை 7.05. பிள்ளைகள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு மணிக்கட்டிலும் மஞ்சள் பட்டை. கடைசியாக பைக்கில் வந்து இறங்கினான் பயிற்சியாளரின் தம்பி. தொட்டி வளைவில் பட்டை கொடுத்தவன் அவன்தான். அக்கா இந்த வேலையைத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு வலது கை.

இன்ஸ்பெக்டர் அவனைத் தனியே அழைத்தார்.

"எத்தனை மணிக்குத் தொட்டிக்குப் போனீங்க?"

"ஆறு மணிக்கெல்லாம் மேசை போட்டுட்டேன் மேடம்."

"நடுவுல எழுந்து போனீங்களா?"

"இல்ல."

"இந்தப் பொண்ணு வந்தாளா?"

"வரல. சத்தியமா வரல. முதல்ல வந்தது, இவளுக்கு அடுத்தது வந்து சேர்ந்தானே, அந்தப் பையன்தான்."

அவன் குரலில் தடுமாற்றம் இல்லை. இன்ஸ்பெக்டருக்கு அதுதான் உறுத்தியது. கடைசிக் கேள்விக்கு அவன் சொன்னது பொய்யாகத் தெரியவில்லை.

"மேசையை எடுத்துட்டீங்களா?"

"அங்கேயேதான் இருக்கு."

"யாரும் தொடவேண்டாம்."

காலை 7.20. தொட்டியடி. மோட்டார் இயக்குபவர் வால்வை மூடிக்கொண்டிருந்தார்.

"இங்க எப்பவும் சேறா இருக்குமா?"

"அட, நீங்க வேற. மூணு நாளா மோட்டார் ரிப்பேருங்க. நேத்து சாயங்காலம்வரைக்கும் தரை காஞ்ச அப்பளம் மாதிரி கிடந்துச்சு. இன்னைக்கு விடியக்காலைல போட்டேன். ஆறு இருபதுக்கு நிரம்பி வழிஞ்சிது, உடனே நிறுத்திட்டேன்."

"ஓடின பிள்ளைங்களப் பாத்தீங்களா?"

"நான் அந்தப் பக்கம் பள்ளத்துல இருந்தேனுங்க. இங்க நடந்தது எனக்கு எப்படித் தெரியும்?"

இன்ஸ்பெக்டர் மேசையைச் சுற்றி வந்தார். மடக்கு மேசை. இரும்புக் கால்கள் ஈர மண்ணில் விரல் நீளத்துக்கு இறங்கியிருந்தன. முன்னால் பிள்ளைகளின் காலணித் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. அதில் படிக்க எதுவும் இல்லை. அவர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

வெகுநேரம் நிமிரவே இல்லை.

பிறகு பள்ளிக்கு ஆள் அனுப்பி, எல்லோரையும் வரச் சொன்னார்.

காலை 7.40. கல்வி அலுவலர், பயிற்சியாளர், தம்பி, அம்மா, குச்சி. ஐந்து பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"சந்துல யாரும் புகுந்து வரல. இந்தப் பொண்ணு தொட்டியச் சுத்திட்டுத்தான் வந்திருக்கா" என்றார் இன்ஸ்பெக்டர். "பொய் சொன்னது நீங்க, தம்பி."

"மேடம், நான்..."

"மேசையத் தூக்குங்க. நேரா மேல தூக்கணும், இழுக்கக் கூடாது."

அவன் தூக்கினான். அடியில் ஈர மண்ணில் ஸ்கூட்டர் டயரின் தடம். ஸ்கூட்டர் போக முடியாத இடத்தில், உள்ளங்கால் வடிவத்தில். அதன் நட்டநடுவே மேசைக்கால் குத்திய ஓட்டை.

"குச்சி, உன் இடது காலை இதுமேல வை."

அவள் வைத்தாள். அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது.

"ஆறு இருபதுக்கு முன்னாடி இந்த இடத்துல ஈரமே கிடையாது, தடம் பதிஞ்சிருக்காது. ஆறு இருபதுலேர்ந்து, ஆறரைக்கு விசில் ஊதற வரைக்கும் இவ வரிசையில நின்னா, நீங்க எல்லாரும் பாத்தீங்க. அப்போ ஓடும்போதுதான் பதிஞ்சிருக்கு. மேசைக்கால் அந்தத் தடத்து மேல இறங்கியிருக்கு. அப்படின்னா மேசை வந்தது இவ போனதுக்கப்புறம். ஆறு மணிக்குப் போட்ட மேசைக்கு அடியில இவ எப்படிக் கால் வச்சிருப்பா?"

பயிற்சியாளர் தம்பியைப் பார்த்தாள். திட்டவில்லை. வெறுமனே பார்த்தாள். அதை அவனால் தாங்க முடியவில்லை.

"பாப்பாவுக்கு ராத்திரி பூரா ஜுரம்க்கா. விடிஞ்சப்புறம் கொஞ்சம் கண்ணசந்துட்டேன். பின்பக்க ரோட்டுல பறந்து வந்தேன், ஆறு முப்பத்தெட்டு ஆயிருச்சு. விசில் ஊதி எட்டு நிமிஷம்தானே ஆச்சுன்னு நினைச்சேன். எட்டு நிமிஷத்துக்குள்ள எந்தப் பிள்ளையும் இங்க வந்ததே இல்லக்கா! நீயும் நானும்தானே நேரம் பாத்தோம்? யாரும் தாண்டிப் போயிருக்க முடியாதுன்னு நம்பினேன். லேட்டுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, ஆறு மணின்னு சொல்லிட்டேன். இவ வரலன்னு நான் சொன்னது பொய்யில்ல. எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது."

அவன் குச்சியின் அம்மாவிடம் திரும்பிக் கைகூப்பினான். அவள் மகளைத் தன்னோடு சேர்த்து இழுத்துக்கொண்டாள்.

கல்வி அலுவலர் தொட்டியையும் தெருவையும் மாறிமாறிப் பார்த்தார். "எட்டு நிமிஷத்துக்குள்ள... இந்தக் காலணியப் போட்டுக்கிட்டா?"

"இன்னும் முடியல சார்" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரல் தாழ்ந்திருந்தது. "நானும் முதல்ல இதக் கவனிக்கல. பக்கத்துல பாருங்க. வலது காலும் இருக்கு."

இரண்டு தடங்களும் ஒன்றையொன்று ஒட்டி, சமமாக, ஆழமாகப் பதிந்திருந்தன.

"ஓடறவங்க கால் ஒண்ணு முன்ன, ஒண்ணு பின்னன்னுதான் விழும். இப்படிச் சேர்ந்து விழாது. இது நின்ன தடம்." அவர் சிறுமியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "இங்க நின்னியா, கண்ணு?"

குச்சி தலையை ஆட்டினாள். "பட்டை வாங்காம போகக்கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்காங்களே. யாராவது வருவாங்கன்னு முப்பது எண்ணினேன். மெதுவாத்தான் எண்ணினேன். யாரும் வரல. அப்புறம்தான் ஓடினேன்."

 

பயிற்சியாளர் ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்தாள். அதில் நின்றுபோயிருந்த எண்ணிலிருந்து முப்பது விநாடியை மனத்துக்குள் கழித்தாள். நம்பாமல் மறுபடி கழித்தாள். அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா, நின்னது தப்பா?" என்று கேட்டாள் குச்சி.